புகை ஆகாத வீடு

ராதாகிருஷ்ணனை நர்சிங் ஹோமிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்றைக்கு, யாராவது கேட்டால் திருப்பதி போய்விட்டு வருகிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது வசுந்தராவின் ஏற்பாடு. அதற்காக வழியில் ஆட்டோவை நிறுத்தி ஒரு ஸ்வீட் கடையில் லட்டு வேறு வாங்கிக்கொண்டாள்.

"மொட்டை போடாம என்னம்மா திருப்பதி?" என்று மகள் காவ்யஸ்ரீ கேட்டாள்.

"உங்கப்பா தலையில மொட்டை போட மிச்சம் என்ன இருக்கு?"

அந்த நிலையிலும் ராதாகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, ஆட்டோ சந்து முனையில் நின்ற பிறகும் அவரால் இறங்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த மூச்சு மருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு முறை அழுத்திக்கொண்டு, பெண்டாட்டி தோளைப் பிடித்து மெல்ல இறங்கினார். எதிர்வீட்டுக் கார்த்திகேஷ் பார்த்துவிட்டு, "என்னக்கா, அண்ணன் ரொம்பக் களைச்சுட்டார்?" என்றான். "மலை ஏறி இறங்கினதுல" என்றாள் வசுந்தரா. கடை லட்டைப் பிரசாதம் என்று அவன் கையில் கொடுக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. பிரசாதம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

பொய் எதற்கு என்று கேட்பீர்கள். காவ்யஸ்ரீக்குத் திண்டுக்கல்லில் ஒரு இடம் பேசி, ஏறக்குறைய முடிந்திருந்தது. தையில் நிச்சயம். இந்த நேரத்தில் பெண்ணின் அப்பா மூச்சிழுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று தெரிந்தால், அடுத்த வாய்க்குப் போகும்போதே அது டி.பி. ஆகிவிடும். நூல்கடைக்காரர்களும் சாயக்காரர்களும் பட்டு வியாபாரிகளுமாக நெருக்கி வீடு கட்டிக்கொண்டிருந்த அந்தச் சந்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். காலையில் இங்கே ஒருவர் தும்மினால் மத்தியானம் திண்டுக்கல்லில் கேட்பார்கள். அவர்கள் வீட்டுக்குள் பேசியது சௌராஷ்டிரம். நான் தமிழில் சொல்கிறேன், அவ்வளவுதான். பயம் எல்லா பாஷையிலும் ஒன்றுதானே.

டாக்டர் வசுந்தராவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இந்தத் தடவை தப்பிச்சுட்டார். இன்னொரு தடவை இதே மாதிரி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. மாத்திரையும் பம்பும் ஒரு பக்கம் இருக்கட்டும். பொகை ஆகாது."

"ஊரே பொகையா இருக்கே டாக்டர். எங்க கொண்டுபோய் வைக்க?"

"மார்கழியும் தையும் தாண்டட்டும். பனி நேரத்துல பொகை மேல போகாது, தரையோட நிக்கும். அதுவரைக்குமாவது பக்கத்துல எதையும் கொளுத்தாமப் பாத்துக்குங்க."

ஊரே புகை என்று அவள் சொன்னது வெறும் பேச்சில்லை. பஸ் ஸ்டாண்டு மாட்டுத்தாவணிக்குப் போனதிலிருந்து மதுரையில் ஷேர் ஆட்டோ பெருத்துவிட்டிருந்தது. மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்; எல்லோரும் ஏறிப் போனார்கள். சாயங்காலம் காமராசர் சாலையில் நடந்துவிட்டு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி பழுப்பாகித்தான் இறங்கும். வெயிலைப் பொறுத்துக்கொள்கிற மாதிரி இதையும் ஊர் பொறுத்துக்கொண்டது. ஆனால் ராதாகிருஷ்ணனைக் கார்த்திகையில் சாய்த்தது சாலைப் புகை இல்லை. அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே, சந்து முனையில் தினமும் காலையில் எரிந்த குப்பை.

குப்பை அள்ளுகிற லாரி வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. சந்து கூட்டுகிற இருளாயி எல்லாவற்றையும் முனையில் குவித்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த சந்துக்குப் போவாள். வாழை இலை, பாலிதீன் பை, பிய்ந்த செருப்பு, பவர் லூம் நூல் கழிவு எல்லாம் மத்தியானம் வரைக்கும் புகைந்துகொண்டே கிடக்கும்.

மறுநாள் விடிந்ததும் வசுந்தரா கீழே இறங்கிப் போனாள். இருளாயி குவித்து முடித்து இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இருளாயி, இன்னிக்குக் கொளுத்தாத."

"லாரி வருதாம்மா?"

"தெரியல. ஆனா கொளுத்தாத."

"அப்ப இம்புட்டையும் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? உங்க வீட்டு ஹாலுலயா?" இருளாயி சிரிக்காமல்தான் கேட்டாள். "கொளுத்தலன்னா நாறுதுன்னு ஒரு வீடு கத்தும். கொளுத்துனா கண்ணு எரியுதுன்னு ஒரு வீடு கத்தும். கத்துற வீட்டுல ஒரு வீடாச்சும் குப்பையைக் கொறைச்சுப் போடுதா?"

"அவருக்கு ஆகல. பொகை ஒத்துக்கல."

"இப்பத்தான் ஒத்துக்கலயாக்கும்?" விளக்குமாற்றைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "உங்க மொட்டை மாடியில ஐயா பழைய பட்டுச் சேலையா வாங்கி எரிச்சாரே, ஜரிகையில வெள்ளி எடுக்க? அப்ப இதே சந்துல கண்ணைக் கசக்கிக்கிட்டுத்தான் நான் கூட்டுனேன். மாடி ஏறி வந்து கேட்டனா?"

பொய்யா அது? கிழிந்த பட்டுப்புடவைகளை வாங்கி, ஜரிகைக் கரையை வெட்டி இரும்புச் சட்டியில் போட்டு எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளி எடுத்து விற்றதில்தான் அந்த மாடி வீடே எழும்பியது. அந்தச் சட்டிப் புகையை வருஷக்கணக்கில் முகத்துக்கு நேரே வாங்கியவர் ராதாகிருஷ்ணன்.

வசுந்தரா குவியலையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு இருளாயிக்கு என்னவோ போலாகிவிட்டது. மேலே நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராதாகிருஷ்ணன் நின்றிருந்தார். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கின. அந்த ஏற்றமும் இறக்கமும் இருளாயிக்குத் தெரிந்ததுதான். அவள் புருஷன் காளை செங்கல் சூளையில் வேலை பார்த்தவன். கடைசி வருஷம் முழுக்க இப்படித்தான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"திருப்பதி போகலையாம்மா நீங்க?" என்றாள் மெதுவாக.

"ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். டி.பி. இல்ல, சத்தியமா இல்ல."

"எனக்கு எதுக்கும்மா சத்தியம்? நான் என்ன உங்க வீட்டுல பொண்ணா எடுக்கப் போறேன்?"

"யாருகிட்டயும் சொல்லிராத இருளாயி. நிச்சயம் முடியற வரைக்கும்."

"நான் சொல்லி எவ கேக்கப் போறா?" தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "போங்க. பாத்துக்கிறேன்."

சொந்தக்காரர்கள் ஒருவரிடமும் சொல்லாததை வசுந்தரா அவளிடம் எப்படிச் சொன்னாள்? இருளாயியிடம் சொல்வது சந்தில் சொன்னதாக ஆகாது என்று அவளுக்குள் ஓர் எண்ணம். அந்த எண்ணத்தை அன்றைக்கு அவள் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இருளாயி கொளுத்தவில்லை. மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டு, காமராசர் சாலை ஓரத்திலிருந்த பெரிய தொட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினாள். ஒரு நடையில் முடியாது. அவளுக்கு வேறு சந்துகளும் உண்டு. வண்டிச் சக்கரம் மக்கர் செய்கிற நாளில் குப்பை அப்படியே கிடக்கும். மறுநாள் இரண்டு நாள் குப்பையாகும். ஈ வந்தது, நாய் வந்தது, பன்றி வந்தது. ராதாகிருஷ்ணனுக்கு மட்டும் அந்த மார்கழியில் கொஞ்சம் தூக்கம் வந்தது. முதுகுக்கு முட்டுக்கொடுத்த தலையணை மூன்றிலிருந்து இரண்டானது. ஒருநாள் தானாகவே குளித்துவிட்டு வந்து, "காபி எங்க?" என்று கேட்டார். வசுந்தரா அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே கார்த்திகேஷுக்குப் பொறுமை போய்விட்டது. அவனுடைய நூல்கடை வாசலுக்கு நேரே அல்லவா குவியல்!

"ஏம்மா, தீப்பெட்டி வாங்கக் காசு இல்லையா? நான் தாரேன்."

"பனியில எல்லாம் நமத்துக் கெடக்குங்க. பிடிக்க மாட்டேங்குது."

"பெட்ரோல் ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க. அப்படியே என்னையும் நடுவுல உக்கார வச்சுருங்க, சோலி முடிஞ்சிரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கார்த்திகேஷ் சிரிக்கவில்லை. "வாய் மட்டும் வேலை செய்யுது. உடம்பு வளையல. கார்ப்பரேஷன் மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே வேற ஆள் வரும், தெரியும்ல?" என்றான்.

இருளாயி குனிந்து வண்டியில் அள்ளிப் போட்டாள். மேல் மாடியை ஒரு தடவை பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் வசுந்தரா அங்கேதான் நின்றிருந்தாள், ஈரத் துணியைக் கொடியில் போட்டபடி. ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. கார்த்தி, நான்தான் வேண்டாம் என்றேன், இவருக்கு மூச்சு முட்டுகிறது என்று. அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது, திண்டுக்கல்லை நினைத்துத் திரும்பிப் போய்விட்டது.

உள்ளே ராதாகிருஷ்ணன், "எனக்காக அந்தம்மா பேச்சு வாங்குது" என்றார்.

"தை பொறக்கட்டும். நிச்சயம் முடிஞ்சதும் நானே சொல்றேன்."

"அதுவரைக்கும் அது வாங்கணுமா?"

அவள் மிச்சத் துணியைப் பிழிந்து கொடியில் போடப் போனாள்.

போகி வந்தது. நம்ம பக்கத்தில் போகி என்றால் வீட்டை வெள்ளையடித்து, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவதுதான் பெரிசு. தெருவில் டயர் கொளுத்துவதெல்லாம் மெட்ராஸ் பழக்கம். டி.வி.யில் பார்த்துப் பார்த்து அதுவும் சந்துக்கு வந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலமே இளவட்டங்கள் ஸ்கூட்டர் டயர், கிழிந்த பாய், பிளாஸ்டிக் குடம் என்று கொண்டுவந்து குப்பைக் குவியலின் மேல் அடுக்கினார்கள். கார்த்திகேஷ்தான் முன்னால் நின்றான்.

வசுந்தரா இறங்கிப் போனாள். "கார்த்தி, இது வேண்டாமேப்பா. கண்ணெல்லாம் எரியும்."

"ஒருநாள் கூத்துதானேக்கா! இந்தச் சனியன் குவியலும் ஒழியும். கண்ணு எரிஞ்சாப் பன்னீர் விட்டுக்குங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சின்னதாக் கொளுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்தாள். பழைய நூல் புடவைகளை வாளித் தண்ணீரில் நனைத்து, ஜன்னலுக்கெல்லாம் கட்டித் தொங்கவிட்டாள். கதவிடுக்கில் துணியைத் திணித்தாள். காவ்யஸ்ரீ பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதுக்கு உள்ளதைச் சொல்லிட்டுப் போயிரலாமேம்மா" என்றாள். "உனக்குத் தெரியாது, பேசாம இரு."

விடியக் கருக்கலில் கொளுத்திவிட்டார்கள். தகர டப்பாவும் டமாரமுமாக ஒரே சத்தம். பனி இறங்கிச் சந்து முழுக்க மூடியிருந்தது; புகை மேலே போக வழியில்லாமல் சுவரோடு சுவராக ஊர்ந்து வந்தது. டயர்ப் புகைக்கு ஈரப் புடவை ஒரு தடையா? புடவை கறுத்தது. அறை கறுத்தது. ராதாகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்தார், பம்பை அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்தது. பேச முடியாமல் வாசலைக் கையால் காட்டினார்.

வசுந்தரா ஜன்னல் புடவையைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கத்தினாள். "அணைங்க! கார்த்தி! அணைங்கப்பா!" டமாரச் சத்தத்தில் யார் காதில் விழும்? ஒருத்தி காதில்தான் விழுந்தது. பொங்கல் இனாம் வாங்க வண்டியோடு வந்து, புகைக்கு ஒதுங்கிச் சுவரோரம் நின்றிருந்த இருளாயி தலை தூக்கினாள்.

அடுத்த நிமிஷம் அவள் மாடிப்படியில் ஏறி வந்தாள். அந்தப் படியில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. "யம்மா, நீங்க காலைப் பிடிங்க. பாப்பா, அந்தப் பக்கம் பிடி" என்று சொல்லிக்கொண்டே அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். மூன்று பெண்களுமாக அவரைக் கீழே இறக்கினார்கள். வாசலில் தள்ளுவண்டி நின்றது.

சந்துக்குள் ஆட்டோ வராது. முனையில் தீ. வேறு என்ன செய்ய? ஆனாலும் வசுந்தரா வண்டியைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டாள். நாள் தவறாமல் பூஜை செய்துவிட்டுச் சாப்பிடுகிற மனுஷர். குப்பை வண்டியிலா?

அந்த ஒரு கணம் இருளாயிக்குத் தெரியாமல் போகுமா? "கழுவித்தாம்மா வச்சிருக்கேன், பொங்கலுக்குப் பொட்டு வைக்க" என்றாள்.

"ஒரு விரிப்பு எடுத்துட்டு..." என்று வசுந்தரா படிப்பக்கம் திரும்பினாள். ராதாகிருஷ்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. பிடித்த பிடியிலேயே வண்டிமேல் சரிந்து உட்கார்ந்தார்.

இருளாயி தள்ளினாள். வசுந்தரா முன்னால் ஓடினாள். நெருப்புக்கு எதிரில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் போய் நின்று, அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"வழி விடுங்க! இவருக்கு மூச்சு அடைக்குது! இன்னிக்கு இல்ல, கார்த்திகையில இருந்து அடைக்குது! நாங்க திருப்பதிக்குப் போகல, ஆஸ்பத்திரிக்குப் போனோம்! நான்தான் இருளாயியக் கொளுத்த வேண்டாம்னு சொன்னேன், நான்தான்!"

டமாரம் நின்றது. கார்த்திகேஷ் வண்டியில் கிடந்தவரைப் பார்த்தான். எரிகிற டயரைக் காலாலேயே உதைத்துத் தள்ளி வழி செய்தான். காவ்யஸ்ரீ குடத்துத் தண்ணீரை நெருப்பில் ஊற்ற ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டிலிருந்து குடம் வந்தது. கார்த்திகேஷ் ஓடிப்போய் வண்டியின் இன்னொரு பக்கம் கை கொடுத்தான். காமராசர் சாலையில், தெப்பக்குளம் போகிற பக்கமாக, அந்த மூன்று பேரும் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வழி நெடுக ஒவ்வொரு சந்து முனையிலும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ராதாகிருஷ்ணனின் தலை வண்டி விளிம்பில் இடிக்காமல் வசுந்தரா கையை அடியில் கொடுத்தபடியே ஓடினாள்.

நர்சிங் ஹோமில் அவரை உள்ளே கொண்டுபோய் மாஸ்க் போட்டு, ஊசி போட்டு, ஆவி மிஷினை ஓடவிட்டார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "இருக்கார். ரெண்டு நாள் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகேஷ் சுவரில் சாய்ந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "அக்கா, தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே காவல் இருந்திருப்பேனே."

"நான் சொல்லல கார்த்தி. அது எந் தப்பு."

"நான் அண்ணனைப் பாத்துட்டு வரவா?" என்று கதவைத் திறந்தான். உள்ளே கட்டிலருகே குனிந்ததும் ராதாகிருஷ்ணன் மாஸ்க்குக்குள் இருமத் தொடங்கிவிட்டார். நர்ஸ் பெண் ஓடிவந்து அவனை வெளியே தள்ளினாள். "யாரும் கிட்ட வராதீங்க! உங்க மேலெல்லாம் டயர் வாடை அடிக்குது. சட்டையில பொகையைக் கொண்டாந்து அவர் மூக்குல வைக்கிறீங்களே!"

கார்த்திகேஷ் சட்டையைக் கழற்றி, சுருட்டி, வாசலுக்கு வெளியே எறிந்தான். பனியில் வெற்றுடம்போடு பெஞ்சில் உட்கார்ந்தான். கால் கொப்பளித்திருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

"எஞ் சேலையிலயும் அதே வாடைதான்" என்றாள் இருளாயி படியில் இருந்தபடியே. "நான் கழட்டியா போட முடியும்? இங்கனயே இருக்கேன்."

அந்த நேரத்திலும் கார்த்திகேஷ் சிரித்துவிட்டு, உடனே முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். விரலிடுக்கு வழியாக, "உங்களைப் பேசினதுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"அதைப் பொறகு பேசுவோம் சாமி. காலுக்கு மருந்து போடுங்க."

காவ்யஸ்ரீ ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். கையில் அம்மாவுக்கு மாற்றுப்புடவை. "திண்டுக்கல்லுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன்மா. எல்லாத்தையும்."

"என்ன சொன்னாங்க?"

"யோசிச்சுச் சொல்றோம்னாங்க."

வசுந்தரா மகளைப் பார்த்தாள். முகமெல்லாம் கரி. கண் மட்டும் தெளிவாக இருந்தது. "யோசிக்கட்டும்" என்றாள்.

பிறகு தன் கூந்தலை முன்னால் எடுத்து முகர்ந்து பார்த்தாள். எரிந்த ரப்பர் நாற்றம். இந்தத் தலையோடு உள்ளே போக முடியாது. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குழாயும் சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. அங்கே போய்க் குனிந்து உட்கார்ந்தாள். ஒரு கையால் கூந்தலை விரித்துப் பிடித்து, மறு கையில் குவளையை எடுத்தாள். இருளாயி எழுந்து வந்து குவளையை வாங்கி, தொட்டித் தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். மார்கழித் தண்ணீர், முதுகெலும்புவரை குளிர்ந்தது.

"இன்னும் ஊத்து இருளாயி. போகட்டும்."

"ஊத்துறேன், குனிங்க. அடியில இன்னும் கறுப்பா வருது."

தண்ணீர் வெள்ளையாகிற வரைக்கும் ஊற்றினாள். வசுந்தரா துவட்டிக்கொள்ளவில்லை. மாற்றுப்புடவையைச் சுற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போனாள். நர்ஸ் பெண் அருகில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு வழி விட்டாள்.

கட்டிலருகே தரையில் உட்கார்ந்து புருஷனின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். மாஸ்க்குக்குள் பனி படர்ந்தது, விலகியது. மறுபடி படர்ந்தது. ஒவ்வொரு தடவை விலகும்போதும் அடுத்தது வருகிறதா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வந்தது. பிறகும் வந்தது.